மின்னலை வடிகட்டியும் இழப்பின் கணக்கும்

கல்முனைக்குடிக் கடற்கரையிற் கரைவலை இழுபடும் காலைப்பொழுதைக் கண்டவர்க்கு ஓர் உண்மை புதிதன்று. வலைக்கு இரண்டு தொழில்கள் உள. மீனைத் தடுத்தல் ஒன்று. நீரை விடுதல் மற்றொன்று. ஆயினும் இரு புறமும் நின்று கயிறு இழுப்போரின் தோளில் ஏறும் பாரம் மீனின் பாரம் மட்டுமன்று. மீன் படாத நாளிலும் வலை கனக்கிறது. விட்டுவிட வேண்டிய நீரும் நூலோடு உராய்ந்தே வலைக்கண்ணைக் கடக்கிறது. கண் சிறுக்கச் சிறுக்க அவ்வுராய்வு கூடுகிறது. சிறகுப் பகுதியிற் பெருங்கண்ணும் மடியை அண்டிச் சிறுகண்ணுமாகக் கரைவலை அமைக்கப்படுவதில் இந்தக் கணக்கும் அடங்கியிருக்கிறது.

மின்னலை வடிகட்டியின் வரலாறும் இத்தகையதே. வேண்டிய மீடிறன்களை விட்டு வேண்டாதவற்றைத் தடுப்பது அதன் பணி. பாடநூல்கள் அதனைப் பெரும்பாலும் இழப்பற்ற உறுப்புகளால் ஆன ஒன்றாகவே அறிமுகஞ் செய்கின்றன. தூண்டியும் கொள்ளளவியும் சத்தியைச் சேமித்துத் திருப்பித் தருவன. அவற்றுள் எதுவும் வீணாவதில்லை என்பது அங்கே முதல் எடுகோள். நடைமுறையிற் கிடைக்கும் எந்தச் சுருளும் அவ்வாறு அமைவதில்லை. செப்புக் கம்பிக்குத் தடை உண்டு. இரும்பு உள்ளகத்துக்கு வெப்பமாதல் உண்டு. எனவே கொள்கை முந்திப் பிறந்தது, இழப்பு பின்னர் வந்து அதனைக் கெடுத்தது, பொறியியலாளர் அதனைச் சரிப்படுத்தினர் என்றே பலரும் இவ்வரலாற்றை விளங்கிக்கொள்கின்றனர்.

வரலாற்றை வரிசைப்படி நோக்கின் வேறொரு காட்சி தோன்றுகிறது. இழப்பைப் பற்றிய சிந்தனையே முந்தியது. வடிகட்டி அச்சிந்தனையின் பக்க விளைவாகப் பிறந்தது. இழப்பை "ஈடுசெய்தல்" என்று பின்னாளில் அழைக்கப்பட்ட முறை, வடிகட்டி பிறக்குமுன்னரே வேறொரு வடிவிற் கூறப்பட்டுவிட்டது. அம்முறை இழந்த சத்தியை மீட்டதும் இல்லை. இழப்பை எல்லா மீடிறன்களுக்கும் சமமாகப் பங்கிடுவதே அது செய்தது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தந்திக் கம்பியிலிருந்து தொலைபேசிக் கம்பிக்கு

1858 இல் இலங்கையிற் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்தி இணைப்பு ஏற்பட்டது. அதே ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியில் இடப்பட்ட முதலாவது தந்தி வடம் சில வாரங்களிற் செயலிழந்தது. தந்தி, புள்ளியும் கோடுமாகிய குறிகளாற் பேசுவது. குறி சற்று மழுங்கினாலும் பொறுமையோடு வாசித்துவிடலாம். மனிதக் குரல் அவ்வாறன்று. தாழ்ந்த மீடிறன்களும் உயர்ந்த மீடிறன்களும் தம்முள் ஓர் அளவோடு சேர்ந்ததே குரல். நீண்ட வடத்தில் உயர் மீடிறன்கள் கூடுதலாகத் தேய்கின்றன. ஒலி குறைவதோடு சொற்களின் உருவும் கெடுகிறது. குரல் கேட்கும், என்ன சொல்லப்பட்டது என்பது விளங்காது.

இவ்விடத்தே இருவேறு குறைகளைப் பிரித்தறிந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஒலிவர் ஹெவிசைட். பல்கலைக்கழகக் கல்வி பெறாத அவர் தந்தித் தொழிலிற் பணியாற்றியவர். அலை சிறுத்தல் ஒரு குறை. அலையின் உருவம் திரிதல் வேறொரு குறை. 1887 இல் அவர் ஒரு நிபந்தனையை வெளியிட்டார். கம்பியின் தடைக்கும் தூண்டுதிறனுக்கும் உள்ள விகிதம், காவலிப் பொருளினூடாகக் கசியும் பொசிவுக்கும் கொள்ளளவத்துக்கும் உள்ள விகிதத்துக்குச் சமமாயின், எல்லா மீடிறன்களும் ஒரே அளவாகத் தேயும். ஒரே வேகத்திற் செல்லும். அலை சிறுக்கும்; ஆனால் அதன் உருவம் மாறாது.

இந்நிபந்தனையில் இழப்பு ஒழியவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தடையும் உண்டு, பொசிவும் உண்டு. அவற்றாற் சத்தி வெப்பமாகிக்கொண்டே இருக்கிறது. அவ்விழப்பு எல்லா மீடிறன்களின் மீதும் சமமாக விழுமாறு செய்யப்பட்டது, அவ்வளவே. சமமான இழப்பு குரலைத் தாழ்த்தும், திரிக்காது. பின்னர் அரை நூற்றாண்டு கழித்து வடிகட்டிப் பொறியியல் கண்டடைந்த விதியின் வித்து இங்கே கிடக்கிறது.

நடைமுறைக் கம்பிகளிற் தூண்டுதிறன் மிகக் குறைவு. அதனைக் கூட்ட வேண்டும் என்றார் ஹெவிசைட். பிரித்தானிய அஞ்சல் துறையின் மின்பொறியியலாளர் வில்லியம் பிரீஸ் தூண்டல் தொலைபேசிக்குத் தீங்கானது என்ற கொள்கையினர். அதனை வன்மையாக எதிர்த்தார். அக்கருத்து அமெரிக்காவிலேயே பயனுக்கு வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மைக்கல் பூப்பினும், அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் காம்பெலும், கம்பியின் வழியே குறித்த தூரத்துக்கு ஒன்றாகச் சுருள்களைச் செருகினால் போதுமென்று தனித்தனியே கண்டனர். காப்புரிமை 1900 இற் பூப்பினுக்குக் கிடைத்தது. அந்நிறுவனம் அவ்வுரிமையை விலைகொடுத்து வாங்கியது.

சுருள் செருகிய கம்பியில் ஒரே வலுவைக் குறைந்த மின்னோட்டத்தோடு கொண்டுசெல்லலாம். கம்பித் தடையில் வீணாகும் சத்தி மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலின் கம்பியைத் தடிப்பாக்காமலே இழப்புக் குறைந்தது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. ஓர் அலைநீளத்துக்குள் அமையும் சுருள்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றுக்குக் குறையுமாயின் அலை முன்செல்லாது திரும்பிவிடும். அதாவது ஒரு குறித்த மீடிறனுக்கு மேற்பட்டவற்றைக் கம்பி தடுத்துவிடும். காம்பெல் 1903 இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வெல்லையைத் தெளிவாக ஆராய்ந்தார். பேச்சுக்கு அது தொல்லை. அத்தொல்லையையே ஒரு கருவியாக்கலாம் என்ற எண்ணம் அவ்விடத்தில் அரும்பியது.

வடிகட்டியின் பிறப்பு

1915 இல் காம்பெல் அமெரிக்காவிலும் கார்ல் வில்லி வாக்னர் ஜேர்மனியிலும் ஒருவரையொருவர் அறியாது மின்னலை வடிகட்டியை உருவாக்கினர். காம்பெலின் காப்புரிமைகள் 1917 மே மாதம் வழங்கப்பட்டன. வாக்னரின் ஆய்வு உலகப் போரின் காரணமாக 1919 இலேயே வெளிவந்தது. தூண்டிகளையும் கொள்ளளவிகளையும் ஏணிப்படிகள் போல் அடுக்கினால், ஒரு பட்டையிலுள்ள மீடிறன்கள் கடந்து செல்லும், ஏனையவை தடுக்கப்படும். இதுவே இருவரும் கண்ட அமைப்பு.

இதற்கான தேவை அதே ஆண்டில் எழுந்தது. 1915 ஜனவரி 25 இல் நியூயோர்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே தொலைபேசி இணைப்புத் திறக்கப்பட்டது. வெற்றிடக் குழாய்ப் பெருக்கி அதில் இடம்பெற்றது. தேய்ந்த அலையை மீண்டும் பெருக்க முடியும் என்பது உறுதியாயிற்று. அடுத்து, ஒரே கம்பியிற் பல பேச்சுகளை வெவ்வேறு மீடிறன்களில் ஏற்றிச் செலுத்தும் காவி முறை 1918 இல் போல்ற்றிமோருக்கும் பிற்ஸ்பேர்க்குக்கும் இடையே நடைமுறைக்கு வந்தது. மறுமுனையில் ஒரு பேச்சை மற்றொன்றிலிருந்து பிரிப்பது வடிகட்டியின் பொறுப்பு. ஒன்றுக்கொன்று நெருக்கமாக அலைவரிசைகளை அடுக்கினால் ஒரே கம்பியிற் கூடுதலான பேச்சுகளை அனுப்பலாம். நெருக்கம் கூடினால் வடிகட்டி கூர்மையாக வேண்டும்.

ஓட்டோ சோபெல் 1923 இல் வெளியிட்ட பெருங்கட்டுரை இக்கூர்மையைப் பெறும் வழியைத் தந்தது. அவரும் உறுப்புகளின் இழப்பைக் கணக்கிடும் சூத்திரங்களைத் தந்தார். ஆயினும் வடிவமைப்பு இழப்பற்ற உறுப்புகளைக் கொண்டே தொடங்கிற்று. வடிகட்டியைக் கணித்து முடித்த பின்னர், இழப்பால் எவ்வளவு கெடும் என்று பார்ப்பது வழக்கம். கெடுதி மிகுதியாயின், சமப்படுத்தி ஒன்றைப் பின்னாற் சேர்ப்பர். 1928 இற் சோபெல் அத்தகைய திருத்தமைப்புகளின் கொள்கையையும் விரிவாக எழுதினார். இழப்பு இன்னமும் வாசலுக்கு வெளியே நின்ற விருந்தாளியே.

தங்கும் அலை கொடுக்கும் கூலி

இழப்பு ஏன் வடிகட்டியின் உருவத்தைக் கெடுக்கிறது? பொதுவாகச் சிறிது வலு குறைந்தால் பெருக்கியாற் கூட்டிவிடலாம் அன்றோ? இதற்கு விடை தாமதத்தில் இருக்கிறது.

வடிகட்டியினுள் நுழையும் அலை உடனே வெளியேறுவதில்லை. சுருளுக்கும் கொள்ளளவிக்கும் இடையே சத்தி ஊசலாடிச் சிறிது நேரம் தங்கிச் செல்கிறது. தங்கும் நேரம் எல்லா மீடிறன்களுக்கும் ஒன்றன்று. பட்டையின் நடுவிற் குறைவு. வெட்டுமீடிறனை நெருங்க நெருங்கக் கூடுதல். ஒவ்வொரு கணமும் உறுப்புகள் தம் பங்குக்குச் சத்தியை விழுங்குவதால், கூடுதலாகத் தங்கும் அலை கூடுதலான கூலியைக் கொடுக்கிறது. இழப்புச் சிறிதாயுள்ளபோது, அலையின் தேய்வானது உறுப்புகளின் இழப்பு விகிதத்தையும் தாமதத்தையும் பெருக்கிய தொகைக்கு ஏறத்தாழச் சமம். ஹெவிசைட்டின் கம்பியில் எல்லா மீடிறன்களுக்கும் தாமதம் ஒன்றே; ஆதலின் தேய்வும் ஒன்றே. வடிகட்டியில் தாமதம் வேறுபடுகிறது. ஆதலின் தேய்வும் வேறுபடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டால் அளவைக் காணலாம். 100 கிலோஹேட்ஸ் அளவிற் செயற்படும் ஒரு பேச்சுவழி வடிகட்டியை எடுத்துக்கொள்வோம். சுருளின் தரக் காரணி 200 என்க. அலை பட்டையின் நடுவில் 0.5 மில்லிசெக்கனும் ஓரத்தில் 1 மில்லிசெக்கனும் தங்குவதாகக் கொள்வோம். கொள்ளளவியின் இழப்பைப் புறக்கணித்துக் கணித்தால், நடுவில் ஏறத்தாழ 6.8 டெசிபெல்லும் ஓரத்தில் 13.6 டெசிபெல்லும் இழக்கப்படும். நடுவில் வலுவின் ஐந்திலொரு பங்கு வெளிவரும். ஓரத்தில் இருபத்து மூன்றிலொரு பங்கே வெளிவரும். சதுரமாயிருக்க வேண்டிய பட்டையின் தோள்கள் சரிந்துவிடும். குரலின் தாழ்ந்த, உயர்ந்த பகுதிகள் மங்கி, நடுப்பகுதி மட்டும் ஒலிக்கும். ஓர் இணைப்பில் இத்தகைய வடிகட்டிகள் பல அடுத்தடுத்து வருமாயின் சரிவும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கூடும்.

நடுவிலுள்ள 6.8 டெசிபெல் இழப்பு அஞ்சத்தக்கதன்று. பெருக்கி அதனைத் தீர்க்கும். அஞ்சத்தக்கது நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள வேறுபாடே. இவ்விரண்டையும் பிரித்தறிந்தது 1930 களின் சாதனை.

மூன்று வழிகள்

முதலாவது வழி பிரித்தானியக் கடற்படை ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ஸ்டீபன் பட்டர்வேர்த்துடையது. 1930 இல் வெளிவந்த கட்டுரையில், கடப்புப் பட்டை முழுவதும் தட்டையாயிருக்கும் வடிகட்டியை அவர் வகுத்தார். இன்று அவர் பெயர் அந்தத் தட்டைத்தன்மைக்காகவே நினைக்கப்படுகிறது. அவர் செய்த மற்றொன்று மறக்கப்பட்டது. சுருளின் தடையைப் பிழையாகக் கருதாது சுற்றின் ஓர் உறுப்பாகவே ஏற்று, அதற்கேற்ப ஏனைய பெறுமானங்களை அவர் தெரிந்தார். வடிகட்டிப் படிகளுக்கு இடையே வால்வுப் பெருக்கிகளை வைத்தமையால், ஒரு படி மற்றொன்றைப் பாதிக்கவில்லை. குறைந்த வலுவும் உடனுக்குடன் மீண்டது.

இரண்டாவது வழி பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தில் உருவானது. 1934 இல் வாரன் மேசன் குவாட்ஸ் பளிங்குகளை உறுப்புகளாகக் கொண்ட வடிகட்டிகளை விவரித்தார். குவாட்ஸ் பளிங்கின் தரக் காரணி பல்லாயிரக் கணக்கானது. முற்கூறிய எடுத்துக்காட்டிற் தரக் காரணி 20,000 ஆயின் நடுவிலுள்ள இழப்பு ஏறத்தாழ 0.07 டெசிபெல்லாகச் சுருங்கிவிடும். ஆனால் பளிங்கு தனித்து மிகக் குறுகிய பட்டையையே தரும். பேச்சுக்கு வேண்டிய அகலத்தைப் பெறச் சுருள்களையும் சேர்க்க வேண்டும். சேர்த்தால் அவற்றின் தடையும் உடன் வரும்.

இங்கே சாலக அமைப்பு உதவியது. சாலகத்தின் எல்லாக் கிளைகளிலும் ஒரே அளவான தொடர்த்தடை இருக்குமாயின், கணிதப்படி அதனைச் சாலகத்திலிருந்து வெளியே எடுத்து இரு முனைகளிலும் தொடராக வைக்கலாம். சுருள்களின் தடை இவ்வாறு வெளியேறியதும், உள்ளே எஞ்சுவது ஏறத்தாழ இழப்பற்ற பளிங்கு வடிகட்டி. வெளியே நிற்கும் தடை எல்லா மீடிறன்களுக்கும் சமமான இழப்பைத் தரும். ஒரு கிளையிற் தடை குறைவாயின், வேண்டுமென்றே ஒரு தடையைச் சேர்த்துச் சமமாக்குவர். இழப்பைத் தீர்க்க மேலும் இழப்பைச் சேர்ப்பது முதற் பார்வைக்கு விந்தையாகத் தோன்றும். ஹெவிசைட்டின் நிபந்தனையை நினைவுகூர்வோர்க்கு விந்தையில்லை. தடைகளைச் சேர்த்து இழப்பின் விளைவைச் சமமாக்கும் இம்முறையை விரிவாக்கியோருள் அதே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹென்ட்ரிக் போடே முதன்மையானவர். 60 முதல் 108 கிலோஹேட்ஸ் வரை பன்னிரண்டு பேச்சுகளை அடுக்கும் காவி முறையிற் பளிங்கு வடிகட்டிகள் நெடுங்காலம் நிலைபெற்றன.

மூன்றாவது வழியே மிகப் பொதுவானது. அதே ஆய்வுகூடத்தின் சிட்னி டார்லிங்டன் 1939 இல் வெளியிட்ட ஆய்வு, வேண்டிய தேய்வுப் பண்பிலிருந்து நேராகச் சுற்றைக் கணிக்கும் முறையைத் தந்தது. ஜேர்மனியில் வில்ஹெல்ம் கௌவரும் அதே திசையில் உழைத்தார். அவர் 1945 ஏப்ரிலிற் பேர்லினில், போரின் கடைசி நாட்களிற் கொல்லப்பட்டார். டார்லிங்டனின் ஆய்வில் இழப்புக்கும் ஓரிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. முன்கூட்டித் திரித்தல் என்று பின்னர் பெயர் பெற்ற முறை அதுவே.

அதன் கருத்தை எளிதாகக் கூறலாம். ஒவ்வொரு சுருளிலும் தடைக்கும் தூண்டுதிறனுக்கும் உள்ள விகிதமும், ஒவ்வொரு கொள்ளளவியிலும் பொசிவுக்கும் கொள்ளளவத்துக்கும் உள்ள விகிதமும் ஒரே எண்ணாயின், இழப்பின் முழு விளைவும் சிக்கல் தளத்தில் ஓர் இடப்பெயர்ச்சியே. வடிகட்டிச் சார்பின் முனைவுகள் யாவும் அவ்வெண்ணின் அளவுக்குக் கற்பனை அச்சிலிருந்து விலகிப்போகின்றன. அவை விலகுமென்று முன்னரே தெரியுமாதலின், அவற்றை அதே அளவுக்கு அச்சை நோக்கி நகர்த்தி வைத்து இழப்பற்ற சுற்றைக் கணித்துக்கொள்ளலாம். பின்னர் உண்மையான உறுப்புகளால் அச்சுற்றைக் கட்டும்போது இழப்பு முனைவுகளைத் தள்ளி, அவை இருக்க வேண்டிய இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தும். நீரோட்டம் பக்கமாக அடிக்குமென்று அறிந்த தோணிக்காரர் இலக்குக்கு மேற்புறமாகத் தோணியைத் திருப்பிவைத்து ஓட்டுவது போன்றது இது. இரு விகிதங்களும் ஒன்றே என்ற நிபந்தனை, ஹெவிசைட் 1887 இற் கம்பிக்குக் கூறிய நிபந்தனையே என்பதை வாசகர் உணர்வர்.

விலை

இம்முறைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. முனைவை அச்சு வரையே நகர்த்தலாம். அச்சைத் தாண்டிய சுற்றை இயக்கமற்ற உறுப்புகளாற் கட்ட இயலாது. கூர்மையான வடிகட்டியின் முனைவுகள் இயல்பாகவே அச்சுக்கு மிக அருகில் உள்ளன. எனவே கூர்மை கூடுமளவுக்கு, பொறுக்கத்தக்க இழப்பின் அளவு சுருங்குகிறது. கெட்ட சுருளைக் கொண்டு எத்தகைய வடிகட்டியையும் கணிதத்தாற் காப்பாற்றலாம் என்பது வீண் நம்பிக்கை. காந்த உள்ளகங்களின் வளர்ச்சி இதனாலேயே இன்றியமையாததாயிற்று. இரும்புக் கம்பி உள்ளகம் இரும்புத் தூளாயிற்று; தூள் பேமலோய்க் கலப்புலோகமாயிற்று; உலகப் போருக்குப் பின்னர் பெரைற்று உள்ளகங்கள் பரவின.

இரண்டாவது எல்லை வலுவைப் பற்றியது. முன்கூட்டித் திரித்த வடிகட்டி ஓரங்களிலுள்ள அலையை உயர்த்துவதில்லை. உயர்த்தும் ஆற்றல் அதற்கில்லை. எளிதாகக் கடக்கவல்ல நடுப்பகுதி அலையின் ஒரு பகுதியை வாயிலிலேயே திருப்பி அனுப்பி, ஓரத்து அலையின் மட்டத்துக்கு அதனைத் தாழ்த்துகிறது. எல்லாம் சமமாகிறது, ஆனால் மொத்த இழப்புக் கூடுகிறது. முற்கூறிய எடுத்துக்காட்டில் நடுவிலுள்ள 6.8 டெசிபெல்லும் 13.6 அளவுக்கோ அதற்கு மேலோ செல்ல வேண்டும். "ஈடுசெய்தல்" என்னும் சொல் இவ்விடத்தே மயக்கம் தருகிறது. இயக்கமற்ற சுற்றில் இழந்த சத்தி இழந்ததே. மீட்டுத் தருவது பின்னால் நிற்கும் பெருக்கி. வடிகட்டி செய்வது, பெருக்கியாற் தீர்க்கக்கூடிய ஒரே வகையான குறையாக எல்லாக் குறைகளையும் மாற்றித் தருவதே.

ஆதலின் பெருக்கியின் நம்பகத்தன்மை இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. 1927 இல் ஹரல்ட் பிளாக் கண்ட எதிர்ப் பின்னூட்டல் பெருக்கி, காலத்தாலும் வெப்பத்தாலும் மாறாத பெருக்கத்தைத் தந்தது. பெருக்கம் மலிவாகவும் உறுதியாகவும் கிடைத்த பின்னரே, சமமான இழப்பைத் துணிந்து ஏற்றுக்கொள்ளும் வடிவமைப்பு நடைமுறைக்குரியதாயிற்று. 1945 இல் வெளிவந்த போடேயின் நூல் வலையமைப்பையும் பின்னூட்டற் பெருக்கியையும் ஒரே அட்டைக்குள் வைத்துப் பேசியது தற்செயலன்று.

டார்லிங்டனின் முறை உடனே பரவவில்லை. அதன் கணிப்பில் எண்கள் பல தானங்களுக்குத் திருத்தமாயிருக்க வேண்டும். மேசைக் கணிப்பான்களைக் கொண்டு அதனைச் செய்வது பெரும்பாடு. 1950 களிற் கணனிகள் வந்த பின்னரே அது பொறியியலாளரின் அன்றாடக் கருவியாயிற்று.

பின்வந்த காலம்

சுருளே இழப்பின் முதற் காரணமாயின், சுருளை நீக்கிவிடலாமே என்ற எண்ணமும் எழுந்தது. 1954 இல் ஜோன் லின்வில்லும் 1955 இல் சாலன், கீ ஆகிய இருவரும் தடை, கொள்ளளவி, பெருக்கி என்பவற்றால் மட்டும் அமைந்த வடிகட்டிகளை வகுத்தனர். பெருக்கி இங்கே வடிகட்டியின் உள்ளேயே புகுந்து, இழக்கும் சத்தியை அவ்வப்போது ஊட்டுகிறது. ஆனால் அதற்கும் ஒரு கூலி உண்டு. பெருக்கமோ உறுப்போ சிறிது மாறினாலும் இச்சுற்றுகள் சிலவற்றின் பண்பு பெரிதும் மாறிவிடும்.

1966 இல் ஓச்சட் இதற்கான காரணத்தைச் சுட்டிக்காட்டினார். இரு முனையிலும் தடை பூட்டிய, இழப்பற்ற ஏணிச் சுற்று முழு வலுவையும் கடத்தும் மீடிறன்களில், எந்த உறுப்புச் சற்று மாறினாலும் வெளிவரும் வலு முதல் வரிசையில் மாறாது. உச்சியில் நிற்பவன் எப்பக்கம் ஓரடி வைத்தாலும் உயரம் பெரிதும் மாறாதது போல. ஆகவே சுருளை நீக்க விரும்புவோரும் பழைய ஏணியின் அமைப்பையே பின்பற்றி, சுருளின் இடத்தில் மட்டும் இலத்திரனியல் மாற்றீட்டை வைப்பது நன்று என்பது அவர் முடிவு. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்கு முன் காம்பெல் அடுக்கிய ஏணி இவ்வாறு மறுவாழ்வு பெற்றது. 1971 இல் அல்பிரெட் பெற்வைஸ் அதே ஏணியை எண்களாற் கணிக்கும் இலக்கமுறை வடிகட்டியாக மாற்றினார். எண்களுக்குத் தடை இல்லை. ஆயினும் ஒவ்வொரு பெருக்கலிலும் கடைசித் தானங்களை வெட்டியாக வேண்டும். அவ்வெட்டலைச் சத்தி கூடாது குறையுமாறு செய்தால் சுற்று நிலைகுலையாது என்பது அவர் முறையின் சிறப்பு. இழப்பு இங்கே பகைவனாயிராது காவலனாகிறது.

பழைய முன்கூட்டித் திரித்தலுக்கும் ஒரு புதிய களம் கிடைத்தது. தொடர்பாடற் செய்மதியில் ஏற்றப்படும் ஒவ்வொரு கிலோகிராமும் செலவு. நுண்ணலை வடிகட்டியின் தரக் காரணியை உயர்த்த வேண்டுமாயின் அதன் குழிவுகளைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் நிறை கூடும். 1985 இல் வில்லியம்ஸ், புஷ், பொனெற்றி ஆகியோர் டார்லிங்டனின் கருத்தை இணைந்த பரிவிகளைக் கொண்ட வடிகட்டிகளுக்கு விரித்தனர். 2003 இல் மிங் யூவும் கனடாவின் கொம் டெவ் நிறுவனத்தைச் சேர்ந்த அவரது தோழர்களும், முனைவுகள் யாவற்றையும் ஒரே அளவாக நகர்த்தாது ஒவ்வொன்றையும் வேண்டிய அளவுக்கு நகர்த்தும் முறையை வெளியிட்டனர். இதனால் வீணாகும் வலுவும் திருப்பி அனுப்பப்படும் அலையும் குறைந்தன. சிறிய வடிகட்டி பெரியதன் பணியைச் செய்யலாயிற்று.

செய்மதியில் இம்முறை எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை என்பதே இவ்வரலாற்றின் மையக் கருத்தை உறுதிப்படுத்துகிறது. பூமியிலிருந்து வரும் அலையைப் பிரிக்கும் உள்வாயில் வடிகட்டிகளுக்குப் பின்னே பெருக்கி நிற்கிறது. அங்கே சமமான இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். பூமிக்கு அனுப்பும் வெளிவாயில் வடிகட்டிகளுக்குப் பின்னே பெருக்கி இல்லை. அங்கே இழக்கும் ஒவ்வொரு வாற்றும் இழந்ததே. ஆகவே அங்கே நல்ல குழிவைத் தவிர வேறு பரிகாரம் இல்லை.

முடிவுரை

கிழக்குக் கரையில் இரவு வேளையில் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியையும் திருச்சி வானொலியையும் பிரித்துக் கேட்ட தலைமுறையினர், இவ்வரலாற்றின் பயனை அதன் பெயர் அறியாமலே அனுபவித்தவர்கள். அப்பெட்டிகளுட் பலவற்றில், 455 கிலோஹேட்ஸ் அளவிற் செயற்படும் சிறு சுருட்கூடுகள் அயல் நிலையங்களைத் தடுத்தன. 1980 களிற் கொழும்பைத் தொட்டுச் சென்ற கடலடி வடத்தின் பேச்சுவழிகளும் மீடிறனாற் பிரிக்கப்பட்டவையே. இன்று குரல் எண்களாகச் செல்கிறது. கைத்தொலைபேசியினுள் நகக்கண் அளவிலும் சிறிய ஒலியலை வடிகட்டிகள் பட்டைகளைப் பிரிக்கின்றன. அவற்றிலும் தரக் காரணிக்கு எல்லை உண்டு. பட்டையின் தோள்கள் இன்றும் சரிகின்றன.

வலையமைப்புக் கொள்கையைப் பயிலும் மாணவர் இழப்பற்ற சுற்றில் தொடங்குவது தவறன்று. கணிதம் அவ்வாறே தெளிவாகிறது. ஆனால் அத்துடன் நின்றுவிடுவோர், ஹெவிசைட் முதல் டார்லிங்டன் வரை வந்த அறிஞர் எதனோடு போராடினர் என்பதை அறியாது போவர். அவர்கள் இழப்பை இல்லையென்று கருதவில்லை. அதனை முழுவதும் ஒழிக்கலாமென்று நம்பவும் இல்லை. எவ்வளவு இழக்க நேரும் என்பதைக் கட்டுமுன்னரே எண்ணி, அவ்விழப்பு எங்கே விழவேண்டும் என்பதைத் தாமே தீர்மானித்தனர். மீன் படாத நாளிலும் வலை கனக்கும் என்பதை அறிந்தே கடலில் வலையை இறக்குவோரின் கணக்கும் இதுவே.